பகல் பதினோரு மணிக்கு ஒரு மெத்தைக் கடையில்

விருதுநகர் பஜாரை ஒட்டியிருந்த ஒரு மெத்தைக் கடையில், பகல் பதினோரு மணிக்கு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நான் படுத்தேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. உங்களில் பாதிப் பேர், இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மீதிப் பாதி, அதாவது எங்கள் பக்கத்துப் பெண்கள், "அடியாத்தீ!" என்று வாயில் கை வைப்பார்கள். இந்த வாரம் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அது குறுகலான, நீளமான கடை. சுவரோரம் மெத்தைகள் வரிசையாக நின்றன. அங்கே வேலை பார்த்த ஒரு அம்மாள் பூப்போட்ட போர்வை ஒன்றை எடுத்து, இரண்டு அலமாரிகளுக்கு நடுவே கட்டி எனக்கு மறைப்புச் செய்து கொடுத்தார். போர்வைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நின்றார். அவருடைய பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. புது மெத்தையின் ரப்பர் வாசனையோடு, பக்கத்து மண்டியிலிருந்து மிளகாய் வத்தல் நெடியும் வந்துகொண்டிருந்தது.

"ஒருக்களிச்சுப் படுங்க தாயி. வீட்டுல எப்படிப் படுப்பீகளோ அப்படியே படுங்க" என்று கடைக்காரர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

வீட்டில் படுக்கிற மாதிரி. சிக்கலே அங்கேதான் இருந்தது.

வீட்டில் யாருக்கு என்ன?

செல்போன் ஒவ்வொரு வீடாக நுழைந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் திருத்தங்கலில் குடியிருந்தோம். நான் ஒரு ஆப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். தினமும் ஒரு தாள் கிழிப்பீர்களே, அந்தக் காலண்டரின் திதி, நட்சத்திரம், நல்ல நேரம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். என் வீட்டுக்காரருக்கு அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மெத்தை வந்து இறங்கினால், "யாருக்கு என்ன?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மெத்தை என்பது ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கும் புது மாப்பிள்ளைக்கும் உரியது. திடமாக இருக்கிற மனிதர்களுக்குக் கோரைப்பாய் போதும். சித்திரை, வைகாசியில் அந்தப் பாயும் மொட்டை மாடிக்குப் போய்விடும்.

எனக்குக் கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்று வீட்டில் இருக்கத்தான் செய்தது. வருடா வருடம் வெயிலில் போட்டுத் தட்டியும் பஞ்செல்லாம் இரண்டு ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் பள்ளமாகிவிட்டது. அதன் மேல் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

அந்த வருடம் அவரைப் போர்மேன் ஆக்கினார்கள். தீபாவளி போனஸ் வந்த கையோடு, கட்டிலும் மெத்தையும் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"பதினாலு வருசம் தரையில உக்காந்து வேல பாத்தாச்சு செல்வி. படுக்கையும் தரையிலதானா?" என்றார். 

இரும்போடு இரும்பு

போர்மேன் ஆன பிறகு அவர் கம்பெனியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கம்பெனியில் வேலை செய்கிற ரூமுக்குள் நுழையும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க வேண்டுமாம். வீட்டில் தகடு இல்லாததால் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவார். எனக்கு நைலக்ஸ் சேலை எடுக்க விட்டதே இல்லை.

இந்த மனிதரோடு சிவகாசியில் ஒரு மெத்தைக் கடைக்குப் போனேன். வாசலில் ஷட்டரைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார்.

விற்பனையாளர் முதலில் ஸ்பிரிங் மெத்தையைக் காட்டினார்.

"உள்ளார இருக்குறது இரும்பா?"

"ஆமா சார். நல்ல கம்பி."

"ஒண்ணோட ஒண்ணு உரசுமா?"

"பெரளும்போது லேசா உரசும். அதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார்."

"சுத்தி என்ன இருக்கு?"

"பஞ்சு சார்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. வெடிமருந்து இருக்கிற இடத்தில் இரும்புச் சாமானே ஆகாது, பித்தளையும் மரமும்தான் புழங்க வேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர். இரும்போடு இரும்பு உரசுகிறது, சுற்றிலும் பஞ்சு இருக்கிறது, அதன் மேல் பெண்டாட்டியைப் படுக்க வைப்பாரா?

அடுத்து நுரை மெத்தை. உறையை உள்ளங்கையால் பரபரவென்று தேய்த்துவிட்டு முன்னங்கையை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். கையிலிருந்த ரோமம் எழுந்து நின்றது. "பாத்தியா?" என்றார், குற்றவாளியைப் பிடித்துவிட்டவர் போல. அதுவும் தள்ளுபடி ஆனது.

மிச்சம் இருந்தது தேங்காய் நார் மெத்தை. "இதான் சரி. இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். தேங்காய் நார் எவ்வளவு ஜோராக எரியும் என்று அடுப்பு மூட்டி வளர்ந்த எனக்குத் தெரியும். 

"படுத்துப் பாருங்க" என்றார் விற்பனையாளர்.

கடையில் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். ரோட்டிலிருந்து பார்த்தாலும் கட்டில் தெரியும். நான் மெத்தையின் நுனியில் உட்கார்ந்தேன். கையால் இரண்டு தரம் அமுக்கினேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மெத்தை பார்ப்பது என்றால் அவ்வளவுதான், கத்தரிக்காய் பார்ப்பதைவிடக் குறைவு.

"நீங்களே படுத்துப் பாருங்க" என்றேன் அவரிடம்.

என் பங்கையும் சேர்த்து அவரே படுத்தார். அவர் படுப்பது மல்லாக்க. கையிரண்டையும் நெஞ்சில் கோத்துக்கொண்டு காலை நீட்டினால் விடியும்வரை அசைய மாட்டார். அரை நிமிடம் படுத்துவிட்டு எழுந்தார்.

"கல்லு மாதிரி இருக்கு. நல்ல மெத்தை" என்றார்.

எங்கள் ஊரில் தயிரும் கெட்டியாக இருக்க வேண்டும், தரையும் கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தையும் அப்படித்தான். அதைவிட உயர்ந்த பாராட்டு எதுவும் கிடையாது.

"உனக்கும் சரிதான?"

"சரிதாங்க."

சொகமா இருந்துச்சு

நான் படுப்பது ஒருக்களித்து. வலது பக்கம் சாய்ந்து, முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்வேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அப்படிப் படுக்கிறவர்களின் பாரமெல்லாம் தோளிலும் இடுப்பு எலும்பிலும் இறங்கும். நார் மெத்தை அந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இடையில் விலாவுக்குக் கீழே ஒரு முழம் சேலையைச் சுருட்டி வைக்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. மல்லாக்கப் படுத்தால் தூக்கம் வரவில்லை. இடது பக்கம் திரும்பினால் அந்தத் தோள் வலித்தது. பாயில் படுத்தபோது இந்தத் தொல்லை இல்லையே என்றால், பாயில் நான் விடிய விடியப் புரண்டுகொண்டே இருப்பேன். கட்டிலில் புரண்டால் அவர் விழித்துவிடுவாரே என்று ஒரே பக்கமாக விறைத்துக் கிடந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்படி இருந்துச்சு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். தெருவில் பாதிப் பேரைக் கூட்டிவந்து காட்டிவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "யாருக்கு என்ன?" என்று கேட்டார்கள். "யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மா சொகமா தூங்கத்தான்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தார். சும்மா சுகமாகத் தூங்க ஒரு பொருள் வாங்கிய முதல் ஆள் எங்கள் தெருவில் அவர்தான்.

"சொகமா இருந்துச்சு" என்றேன்.

முதல் நாள் சொன்ன பொய்யை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவர் தினமும் கேட்டார், நானும் தினமும் சொன்னேன். கம்பெனி வேனைப் பிடிக்க இருட்டோடு எழுந்து போகிற மனிதர், படுத்த நிமிடமே தூங்கிவிடுவார். பக்கத்தில் நான் கண்ணைத் திறந்து கிடப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. காலையில் எழுந்ததும் பெண்டாட்டியிடம் தூங்கினாயா என்று கேட்கிற ஆள் எங்கள் தெருவில் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை பட்ட பாடு

ஆடிப் பதினெட்டுக்குப் புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியே வந்துவிட்டால் எங்கள் அச்சகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. அடுத்த வருட சீசனில் என் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. பேனா பிடித்தால் விரல் நுனியில் எறும்பு ஊறும். கண் எரியும். எழுத்தெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்காரும்.

ஐப்பசியில் ஒரு நாள் அந்தத் தப்பு நடந்தது. ஒரு புதன்கிழமைத் தாளில், ராகு காலம் மூன்று முதல் நாலரை என்று இருந்ததை நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அது செவ்வாய்க்கிழமையின் ராகு காலம். தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடப் புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை என்று தெரியும். பத்து வருடமாகப் புரூஃப் பார்க்கிற எனக்குத் தெரியவில்லை.

மெஷினில் முதல் அச்சுத் தாளைப் பார்த்த ஆள் அதைக் கண்டுபிடித்து நிறுத்தினார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை.

"செல்விம்மா, சாமி படம் கோணலா விழுந்தாக்கூட சனம் பொறுத்துக்கிடும். ராகு காலத்துல பொண்ணு பாக்கப் போகச் சொன்னா நம்மள சும்மா விடுவாகளா? இன்னொரு தப்பு வந்துச்சுன்னா நீங்க பைண்டிங் பக்கம் போயிருங்க."

பைண்டிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் புரூஃப் நாற்காலி நான் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆசைப்பட்டு உட்கார்ந்த நாற்காலி. அதை இழந்துவிடுவேனோ என்று அன்றைக்குப் பயந்துபோனேன்.

மத்தியானம் பைண்டிங் அறையில் சாப்பிட்டுவிட்டு, அங்கே கிடந்த சாக்கின் மேல் சாய்ந்தேன். காலண்டர் ஓரம் வெட்டிய காகிதத் துணுக்குகளை அடைத்து, மரப்பலகை மேல் போட்டிருந்த சாக்கு. சாய்ந்தது மட்டும்தான் தெரியும். பைண்டிங்கில் வேலை பார்த்த பாக்கியம் அக்கா உலுக்கி எழுப்பியபோது மத்தியான வேலைக்கான மணி அடித்து முடித்திருந்தது.

"வீட்டுல மெத்தைய வச்சுக்கிட்டு இங்கன வந்து குப்பைச் சாக்குல தூங்குத. இதுல தோளு அமுங்குதுல்ல, அதான் தூக்கம் வருது. உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லித் தொல" என்றார் பாக்கியம் அக்கா.

சொன்னேன், ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. தோள் வலிக்கிறது, கை மரக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் பதறிப்போய் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் படுப்பீர்கள், எதில் படுப்பீர்கள் என்று கேட்டார்.

"நல்ல கெட்டி மெத்தை சார்" என்று இவர் முந்திக்கொண்டார்.

"மல்லாக்கப் படுத்தா சரிதான். ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்கு அது பலகை மாதிரிங்க."

என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது. திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உனக்கு உறுத்துதா செல்வி?"

"லேசா. எப்பவாச்சும்."

தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "கெளம்பு, விருதுநகர் போயிட்டு வருவோம்" என்றார். சீசன் என்பதால் ஞாயிறும் வேலை இருந்த அச்சகத்தில் எனக்கு அரைநாள்தான் லீவு கிடைத்தது. வந்த பஸ்ஸில் ஏறினோம்.

எப்படிப் படுப்பீக?

விருதுநகர்க் கடைக்காரர் அறுபதை ஒட்டியவர். எந்த மெத்தையையும் காட்டாமல், நேரே என்னைப் பார்த்து, "எப்படிப் படுப்பீக தாயி?" என்று கேட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைட்ட கேக்குற கேள்வியா இது?"

"தம்பி, செருப்புக் கடைக்காரன் கால் அளவு கேக்கக் கூடாதுன்னா எப்படி? ஆளப் பாத்து மெத்தை குடுக்க முடியாது, படுக்குற தினுசப் பாத்துத்தான் குடுக்கணும்."

பிறகு நிதானமாகச் சொன்னார். மல்லாக்கப் படுக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் நல்லது. குப்புறப் படுக்கிறவர்களுக்கு இன்னும் கெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் வயிறு இறங்கி இடுப்பு வளைந்துவிடும். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் உள்ளே அமுங்க வேண்டும், ஆனால் விலாப் பக்கத்தை மெத்தை தாங்கிப் பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் கழுத்திலிருந்து முதுகுத்தண்டு நேர்கோடாக இருக்க வேண்டும்.

"அடியில பலக மாதிரி நிக்கணும், மேல காகிதச் சாக்கு மாதிரி அமுங்கணும்" என்றேன் நான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்புட்டுதான் தாயி. நான் கால் மணி நேரம் சொன்னத நீங்க ஒத்த வரியில சொல்லிட்டீக" என்று சிரித்துவிட்டு, அவர் எடுத்துக் காட்டியது ஸ்பிரிங் மெத்தை.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஆனால் கடைக்காரர் கையில், குறுக்கே வெட்டிய ஒரு துண்டு இருந்தது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தனித்தனியாகத் துணிப் பை தைத்திருந்தார்கள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இருந்தது அசையவில்லை.

"இரும்பும் இரும்பும் தொடவே இல்லியே" என்றார். "எங்க கம்பெனி ரூம் மாதிரில்லா இருக்கு."

பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு ரூமையும் தள்ளித் தள்ளித்தான் கட்டியிருப்பார்கள். ஒன்றில் ஏதாவது ஆனால் அடுத்ததுக்குப் பரவக் கூடாது. அந்த ஏற்பாட்டை ஒரு மெத்தைக்குள் பார்த்ததும் அவருக்கு உள்ளூர ஒரு மரியாதை வந்துவிட்டது.

"பருத்தி உறை மட்டும் தனியாப் போட்டுக்கிடுவோம். நீ படுத்துப் பாரு" என்றார்.

நான் தயங்கி நின்றேன். அப்போதுதான் அந்த அம்மாள் போர்வையைக் கொண்டுவந்து கட்டினார்.

போர்வைக்கு இந்தப் பக்கம்

வலது பக்கம் சாய்ந்து படுத்தேன். தோள் மெல்ல உள்ளே இறங்கியது. பிறகு இடுப்பு இறங்கியது. அந்த அம்மாள் என் விலாவுக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தார். கை இறுக்கிப் பிடித்த மாதிரி போய் வந்தது.

"லூசாப் போனா மெத்தை ரொம்பக் கெட்டின்னு அர்த்தம்க்கா. கையே போகலைன்னா ரொம்பத் தொளதொளப்பு. இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். "செத்த நேரம் அப்படியே இருங்க. பத்து நிமிசமாவது படுத்தாத்தான் தெரியும்."

முழங்காலை மடக்கினேன். கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்தேன். யார் வீட்டு ஆள் பார்க்கிறார்களோ என்று ஒரு தரம் நினைத்தேன். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

கண் விழித்தபோது, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கொஞ்ச நேரம் எங்கே என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயோரம் எச்சில் வழிந்து மெத்தை மேல் போட்டிருந்த பிளாஸ்டிக்கில் தேங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் போர்வைக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

பதறி எழுந்து சேலையைச் சரிசெய்தேன்.

"எம்புட்டு நேரமாச்சுங்க?"

"ஒரு மணி நேரத்துக்குப் பக்கமா ஆச்சு."

"எழுப்ப வேண்டியதுதான!"

"கடக்காரரு எழுப்பத்தான் வந்தாரு. நாந்தான் வேணாம்னேன்."

வெளியே ஒருவர் சத்தமாக விலை கேட்க, கடைக்காரர் "மெதுவாப் பேசுங்க" என்று அடக்குவது கேட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருசமாச்சு. நீ தூங்கி நான் பாத்ததே இல்ல செல்வி" என்றார். "எனக்கு முன்னால நீ தூங்குனதும் இல்ல, நான் முழிக்கும்போது நீ தூங்கிட்டிருந்ததும் இல்ல. இப்பத்தான் பாக்கேன்."

வாயோர எச்சிலை முந்தானையால் துடைத்தேன்.

"அந்த மெத்தையில ஒரு நாளாச்சும் இப்படித் தூங்குனியா?"

சுகமாக இருந்தது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அன்றைக்கு அது வரவில்லை.

"இல்லங்க."

"ஒரு நா கூடயா?"

"ஒரு நா கூட இல்லங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து, விலகியிருந்த போர்வையின் ஓரத்தை நன்றாக இழுத்து மறைத்தார்.

"சரி, படு" என்றார். "அடுத்த பஸ்ஸுல போய்க்கிடுவோம்."

அச்சகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வலது பக்கம் திரும்பி மறுபடியும் படுத்தேன்.